'டேங்க் சைக்கிளிங்': தமிழில் என்ன சொல்லலாம்?

லண்டன், தமிழ் வகுப்பு ஆசிரியை:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். மைன்கிராஃப்ட் விளையாட்டில் 2021இல் ஆக்சலாட்டல் (நீரிலேயே வாழும் மெக்சிகோ நாட்டுச் சலமாண்டர்) வந்ததிலிருந்து எங்கள் பிள்ளைகளுக்கு அதன்மேல் பெரிய ஆசை. ஒரு மாணவி வீட்டிலேயே வளர்க்கப் போகிறாள். செடி வைத்த தொட்டியை அமைப்பது பற்றித் தமிழில் இரண்டு பக்கக் குறிப்பு எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குப் போக வேண்டும்.

'சைக்கிளிங்' மட்டும் இடிக்கிறது. விலங்கை விடும் முன்பே தொட்டியில் நீர் நிரப்பி, கொஞ்சம் அம்மோனியா சேர்த்து, அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வடிகட்டிப் பஞ்சில் குடியேறும்வரை காத்திருப்பது. பல வாரம் ஆகும். 'சுழற்சியூட்டல்' என்று எழுதிப் பார்த்தேன். பிள்ளைகள் தண்ணீரைச் சுழல விடுவது என்று எடுத்துக்கொண்டார்கள். ஆக்சலாட்டலுக்கு வேகமான நீரோட்டம் ஆகாது என்பதால் அந்தச் சொல்லை வைக்கவே பயமாக இருக்கிறது.

சென்னை, மீன் வளர்ப்பவர்:

மேடம், 'சைக்கிள்' என்றே எழுதுங்கள். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் 'டேங்க் சைக்கிள் ஆயிடுச்சா?' என்று கேட்டால் எல்லாருக்கும் புரியும். புதுச் சொல் படித்த பிள்ளை கடைக்குப் போய் என்ன கேட்கும்?

குறிப்பில் இதையும் சேருங்கள். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் என்ற நீர்ச்செடிகள் இரண்டும் மங்கின வெளிச்சத்திலேயே வளரும். வேர் கிளம்பும் தடித்த தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும், கட்டையிலோ பாறையிலோ நூலால் கட்ட வேண்டும். சின்னக் கூழாங்கல் வேண்டவே வேண்டாம். ஆக்சலாட்டல் இரையோடு சேர்த்து விழுங்கிவிடும், குடல் அடைத்துக்கொள்ளும். அப்புறம், தண்ணீர் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் இது நடக்காது.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

கடைக்காரருக்குப் புரியும் என்பதற்காகப் பாடக்குறிப்பிலும் 'சைக்கிள்' எழுதினால், தமிழ் படிக்க வந்த பிள்ளைக்கு நாம் எதைத்தான் தருகிறோம்? சொல் நம்மிடமே இருக்கிறது. புது மண்சட்டியைக் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்கிய பிறகுதானே சமைக்கிறோம்? 'தொட்டி பழக்குதல்' என்று எழுதுங்கள்.

பழமை, பழம், பழகு மூன்றுக்கும் அடி ஒன்றே என்பது என் கருத்து. நாளாக ஆக இனிமை ஏறுவது பழம். வள்ளுவர் 'பழைமை எனப்படுவது யாதெனின் யாதும் கிழமையைக் கீழ்ந்திடா நட்பு' என்கிறார். நாள்பட்ட உறவு முறியாது. மருத நிலத்துப் 'பழனம்' என்ற சொல்லையும் இந்த அடியோடு சேர்க்கலாம் என்று நெடுநாளாக நினைக்கிறேன். நீர் தேங்கி, சேறு கனிந்து, உயிர்கள் பெருகிய வயல் அல்லவா அது?

யாழ்ப்பாணம், உயிரியல் ஆசிரியர்:

ஐயா, சொல் அழகானது. ஆனால் இந்தக் குறிப்புக்கு ஆபத்தானது. விலங்கை வாங்கி வந்தபின், பையிலிருக்கும் நீரின் வெப்பநிலையைத் தொட்டியின் வெப்பநிலையோடு மெல்ல ஒத்துவரச் செய்வது வேறு வேலை. அதை எல்லோரும் 'நீருக்குப் பழக்குதல்' என்றுதான் சொல்லுவார்கள். ஒன்று பல வாரம், மற்றது அதிகமாய்ப் போனால் ஒரு மணித்தியாலம். பிள்ளை இரண்டையும் குழப்பினால் விலங்கு நேரே அம்மோனியாவுக்குள் போகும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் செவுள்கள் கருகிவிடும். 'தொட்டி முதிர்வு' என்று வையுங்கள்.

மதுரை, பேராசிரியர்:

'முதிர்வு' ஏற்கெனவே விலைபோன சொல். இந்த விலங்கின் சிறப்பே முதிராமல் இளவடிவிலேயே இனம்பெருக்குவதுதான். மெக்சிகோவிலிருந்து பாரிசுக்கு வந்தவற்றின் குஞ்சுகளில் சில 1865இல் செவுள் சுருங்கித் தரைவாழ் வடிவத்துக்கு மாறியதைப் பிரெஞ்சு விலங்கியலாளர் துமேரில் கண்டதும் முதிர்வு பற்றிய செய்திதான். அதே பக்கத்தில் தொட்டியும் முதிர்ந்தால் குழப்பம் தீருமா?

கோவை, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்:

விலங்கின் பெயரையும் இப்போதே முடிவு செய்துவிடலாமே? ஆக்சலாட்டல் என்பது மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்டில் மொழிச் சொல். அதில் முன்பகுதி 'நீர்'. பின்பகுதி ஷோலோட்ல், நாய்த்தலைத் தெய்வம். நேராகவே 'நீர்நாய்' என்று...

மதுரை, பேராசிரியர்:

கூடாது தம்பி. சங்கப் பாட்டில் வாளை மீன் தேடும் நீர்நாய் இன்றும் காவிரியில் இருக்கிறது. ஒரு பெயரை இரண்டு உயிருக்குக் கொடுக்க முடியாது. இந்த விலங்கின் சொந்த ஊரான மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரிப்பகுதி மக்கள் வழங்கும் பெயரே இருக்கட்டும்.

லண்டன், ஆசிரியை:

எல்லாருக்கும் நன்றி. அச்சகத்தார் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். தொட்டிக்குப் 'பழக்குதல்', விலங்குக்கு 'இணக்குதல்' என்று பிரித்து எழுதுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் 'கடையில் சைக்கிள் என்பார்கள்' என்று ஒரு வரியும் போடுகிறேன். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூச்சியம் காட்டும்வரை விலங்கை விடக்கூடாது என்பதைக் கட்டம் கட்டிப் போடுவேன்.

சென்னை, மீன் வளர்ப்பவர்:

சரி மேடம், அந்த ஒரு வரி இருந்தால் போதும்.

யாழ்ப்பாணம், ஆசிரியர்:

கட்டம் கட்டுவது நல்லது. 'இணக்குதல்' எனக்கும் சம்மதம். 'பழக்குதல்' என்பதற்கு மட்டும் என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். உயிருள்ள ஒன்றைத்தான் நாங்கள் பழக்குவோம். இரண்டாம் பதிப்பு வந்தால் திரும்பவும் கேட்பேன்.