புருசன் கையெழுத்து இல்லாம அபார்ஷன் பண்ண மாட்டாங்களாமா?

திருப்பூர்க்காரி:
ஏனுங்க, தெரிஞ்சவங்க சொல்லுங்க. என்ற கூட செக்கிங்ல வேலை பாக்குற புள்ள, கைக்கொழந்தைக்கு இன்னும் பல்லுகூட மொளைக்கல, அதுக்குள்ள மறுபடியும் நாள் தள்ளிப்போயி ஸ்கேன்ல ஏழு வாரம்னு வந்துருக்கு. இப்ப வேண்டாம்னு ரெண்டு பேரும் பேசித்தான் முடிவு பண்ணுனாங்க. பிரைவேட்ல போனா ஊட்டுக்காரர் நேர்ல வந்து கையெழுத்து போட்டாத்தான் ஆகும்கிறாங்க, அந்த மனுசன் நாமக்கல் லாரில லோடு ஏத்திட்டு நாக்பூர் தாண்டிப் போயிட்டாரு. இதுல எங்க பெரியப்பா வேற, அமெரிக்கால சில மாநிலத்துல இருக்கறாப்புல இங்கயும் தடை போட்டாத்தான் பொம்பளப்புள்ளைய கலைக்கறது நிக்கும்னு ஃபேமிலி குரூப்ல ஒரே சண்டை. அவருக்கு என்னன்னு சொல்றது?

ஈரோடு நர்ஸக்கா:
அவ கையெழுத்து மட்டும் போதும் கண்ணு. 18 முடிஞ்சவளுக்கு அவ சம்மதம் ஒண்ணுதான் சட்டம் கேக்குது, 1971ல இருந்தே அப்படித்தான். ஃபாரம் சின்னு ஒண்ணு தருவாங்க, அதுல அவ போட்டா முடிஞ்சுது, புருசனும் வேண்டாம் மாமியாளும் வேண்டாம். பின்னால யாராச்சும் வந்து சத்தம் போடுவாங்களோன்னு ஆஸ்பத்திரிக்காரங்க பயந்துட்டு கேக்கற பழக்கம் இது. 9 வாரம் வரைக்கும் மாத்திரைலயே பண்ணலாம். ஆனா மெடிக்கல்ல தானா வாங்கி முழுங்க வேண்டாம்னு சொல்லு, கரு குழாய்ல இருந்தா அந்த மாத்திரை கேக்காது, உசுருக்கே ஆபத்து, டாக்டர் ஸ்கேன பாத்துட்டுத்தான் தரோணும்.

கோபி தம்பி:
தப்பா நெனைக்காதீங்க, சட்டம் இவ்ளோ லூசா இருந்தா கல்யாணம் ஆகாததுங்க எல்லாம் பயமில்லாம போயிராதா?

சேலத்துக்காரன்:
லூசுன்னு யாரு சொன்னா தம்பி? கேட்டவொடனே பண்ற உரிமை இங்க கெடையாது, 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் ஒத்துக்கோணும், அதுக்கு மேல 24 வரைக்கும் சில பேருக்குத்தான், அதுக்கும் ரெண்டு டாக்டர். கல்யாணம் ஆகலைங்கறதுக்காக அந்த 24ஐ மறுக்கக்கூடாதுன்னு 2022 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. பயத்துல ஒளிஞ்சு நாட்டு மருந்து குடிச்சு சாகறதுதான் கட்டுப்பாடுன்னா அது நமக்கு வேண்டாம்.

பெரியப்பாவுக்கு இத சொல்லுங்க. எங்க சேலம், தருமபுரி பக்கம் ஸ்கேன் மிசினே வராத காலத்துல பொறந்த புள்ளைக்கு கள்ளிப்பால் ஊத்துனாங்க, 1992ல தொட்டில் குழந்தை திட்டம் ஏன் எங்கூர்ல ஆரம்பிச்சாங்க? வரதட்சணையும் பூமி பையனுக்குத்தாங்கற எண்ணமும் கொன்ன புள்ளைங்க அதுக. வயித்துல என்ன புள்ளைன்னு பாத்து சொல்றவன புடிக்க 1994ல தனிச்சட்டமே இருக்கு, அத ஒழுங்கா பண்ணுனா போதும். ருமேனியால 1966ல தடை போட்டாங்க, பொம்பளைங்க ஒளிஞ்சு பண்ணிக்கிட்டு செத்ததுதான் மிச்சம், 1989 கடைசில தடைய எடுத்தவொடனே அந்த சாவு சரசரன்னு கொறஞ்சுது. அயர்லாந்துல 2012ல நம்ம கர்நாடகாக்காரப் பொண்ணு சவிதா, 17 வாரத்துல கரு நிக்காதுன்னு தெரிஞ்சும் துடிப்பு இருக்குன்னு கைய வெக்காம விட்டு, சீழ் ரத்தத்துல கலந்து செத்துப்போச்சு. அது ஆசப்பட்ட கொழந்தைங்க! 2018ல அந்த ஊர் சனமே ஓட்டுப்போட்டு சட்டத்த மாத்துனாங்க.

திருப்பூர்க்காரி:
ரொம்ப நன்றிங்க. நர்ஸக்கா, டாக்டர் எழுதிக்குடுத்தாலும் மெடிக்கல்ல அந்த மாத்திரை இல்லைங்கறாங்களே?

ஈரோடு நர்ஸக்கா:
ஆமா கண்ணு, டிரக் இன்ஸ்பெக்டர் கணக்கு கேப்பாங்கன்னு பாதிக்கடைல வாங்கி வெக்கறதே இல்ல. தடைன்னு பேர் இல்லாத தடை இதுதான். கடைகடையா அலைய வேண்டாம், ஜிஹெச்ல மகப்பேறு ஓபிக்கு காலைலயே கூட்டிட்டு போ, வாரம் தள்ளாம போறதுதான் முக்கியம்.