டிராஃப்டிங் வேலைக்கு எது: பன்னிரண்டு பட்டன் மவுஸா, டிராக்பாலா?

நீலத்தாள்:
கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை. நாள் முழுக்க ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருள், மாலையில் அளவுப் பட்டியலுக்கு எக்ஸெல். அலுவலகம் கொடுத்திருப்பது சாதாரண மூன்று பட்டன் மவுஸ். சாயங்காலம் ஆனால் மணிக்கட்டின் வெளிப்பக்கம் வலிக்கிறது. சொந்தச் செலவில் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். பக்கவாட்டில் பன்னிரண்டு பட்டன் உள்ள ரேசர் நாகா, இல்லையென்றால் கென்சிங்டன் எக்ஸ்பர்ட் டிராக்பால் (மேலே உள்ள பந்தை விரலால் உருட்டி கர்சரை நகர்த்தும் சாதனம்). இரண்டுமே எனக்குப் பெரிய செலவு. ஒரு சிக்கல்: அலுவலகக் கணினியில் நாமாக எந்த மென்பொருளும் நிறுவ முடியாது. எதை வாங்கலாம்?

கட்டளைவரி:
நாகாவை வாங்குங்கள். ஆன்லைன் கேம் ஆடுகிறவர்களுக்காக 2009-ல் வந்த மவுஸ்தான். ஆனால் வரைகிறவருக்கும் அதே தேவைதானே? எஸ்கேப், டெலீட், எஃப்3, எஃப்8, மூவ், காப்பி, ட்ரிம், ஆஃப்செட் என்று திரும்பத் திரும்ப வருவது பத்துப் பன்னிரண்டு கட்டளைகள்தான். அவை கட்டைவிரலுக்குக் கீழே வந்துவிட்டால் வேகமே வேறு.

மென்பொருள் இல்லாவிட்டாலும் அந்தப் பன்னிரண்டு பட்டன்களும் கீபோர்டின் எண் வரிசை விசைகளாக வேலை செய்யும். ஒரு சுவரை 3450 தள்ள வேண்டுமென்றால் கையை நம்பர் பேடுக்குக் கொண்டுபோகாமலே அடித்துவிடலாம். எக்ஸெலிலும் அப்படித்தான்.

உருள்பந்து:
அவர் வேகம் போதவில்லை என்று கேட்கவில்லை, கை வலிக்கிறது என்கிறார். அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

பக்கவாட்டுப் பட்டனை அழுத்தும்போது மவுஸ் நகராமல் இருக்க, மறுபக்கத்தில் மோதிர விரலும் சுண்டு விரலும் எதிர்த்துப் பிடிக்க வேண்டும். நாள் முழுக்க இந்தப் பிடி. பிடி கொஞ்சம் தளர்ந்தால் கர்சர் நகரும். சுவரின் மூலையைப் பிடிக்க வேண்டிய ஸ்னாப் (அருகிலுள்ள புள்ளியைத் தானாகப் பிடிக்கும் வசதி) பக்கத்திலிருக்கும் ஜன்னல் கோட்டைப் பிடிக்கும். அளவு தப்பியது சைட்டில்தான் தெரியவரும்.

டிராக்பாலில் அடிப்பாகம் அசையாது. எக்ஸ்பர்ட்டின் பந்து 55 மி.மீ.; ஒரு தள்ளு தள்ளினால் இரண்டு மானிட்டரையும் தாண்டிவிடும். பந்திலிருந்து விரலை எடுத்துவிட்டு கிளிக் செய்தால் கர்சர் வைத்த இடத்திலேயே நிற்கும். மேசையில் தாள் விரித்திருந்தாலும் கையளவு இடம் போதும்.

கட்டளைவரி:
ஆட்டோகேடில் பேன், அதாவது வரைபடத்தைத் திரையில் நகர்த்துவது, எப்படி செய்வீர்கள்? வீலை அழுத்திப் பிடித்து இழுக்க வேண்டும். இரண்டு முறை அழுத்தினால் ஜூம் எக்ஸ்டென்ட்ஸ், முழு வரைபடமும் திரையில் வரும். எக்ஸ்பர்ட்டில் வீலே இல்லை, பந்தைச் சுற்றி ஒரு வளையம்தான். ஒரு நாளில் அதிகம் தொடும் பட்டனே இல்லாத ஒன்றை வரைவாளருக்குச் சொல்லலாமா?

உருள்பந்து:
நியாயமான கேள்வி. அதில் நான்கு பட்டன். மேல் இடதுதான் நடு கிளிக். அதை ஆள்காட்டி விரலால் பிடித்துக்கொண்டு நடுவிரலால் பந்தை உருட்டினால் பேன். இரட்டைத் தட்டு தட்டினால் ஜூம் எக்ஸ்டென்ட்ஸ். வளையத்தைச் சுற்றினால் ஜூம். இதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம். கை பழகும்வரை வேலை மெதுவாகத்தான் போகும், அதை மறைக்கவில்லை.

செவ்வகம் போட்டுத் தேர்ந்தெடுக்கும் விண்டோ செலக்ஷனுக்கு பட்டனைப் பிடித்து இழுக்கவே தேவையில்லை. ஒரு கிளிக், நகர்த்தல், இன்னொரு கிளிக். 2015 பதிப்பில் வந்த, விரும்பியபடி வளைத்துத் தேர்ந்தெடுக்கும் லாஸோவுக்குத்தான் பிடித்து இழுக்க வேண்டும். டிராக்பாலில் அது சிரமம், ஒத்துக்கொள்கிறேன்.

நீலத்தாள்:
கட்டைவிரலால் உருட்டும் வகை எப்படி? லாஜிடெக் எம்எக்ஸ் எர்கோவில் வீல் இருக்கிறது, 20 டிகிரி சாய்க்கவும் முடியும் என்கிறார்கள்.

உருள்பந்து:
நல்ல சாதனம். ஆனால் முழு வேலையும் ஒரே விரலின் அடி மூட்டில் விழும். பெரிய பந்தை இரண்டு மூன்று விரல் மாற்றி மாற்றி உருட்டலாம், உள்ளங்கையாலும் தள்ளலாம். அலுப்பு பங்கு பிரியும்.

கட்டளைவரி:
கட்டைவிரலால் பட்டன் தட்டுவதும் ஓயாமல் பந்து உருட்டுவதும் ஒன்றல்ல. கட்டளை வரும்போது மட்டும்தான் தட்டுகிறோம். நான் வருஷக்கணக்கில் பக்கவாட்டுப் பட்டன் மவுஸ்தான் வைத்திருக்கிறேன். வலியே இல்லை.

மதுரை_லினக்ஸ்:
உங்கள் கைக்கு வலி இல்லை என்பது அவர் கைக்கு உத்தரவாதம் ஆகாது.

மென்பொருள் தடையை இருவருமே லேசாக எடுத்துக்கொள்கிறீர்கள். ‘எட்டு பட்டன்’, ‘பன்னிரண்டு பட்டன்’ என்று பெட்டியில் போட்டிருப்பதில் எத்தனை, வெறுமனே செருகினால் உயிரோடு இருக்கும் என்று பார்க்க வேண்டும். எலெகாம் ஹ்யூஜ் டிராக்பால்: 52 மி.மீ. பந்து, எட்டு பட்டன், அழுத்தும் வீலும் உண்டு. ஆனால் விண்டோஸில் அதன் மென்பொருள் இல்லாமல் மூன்று பட்டன் சும்மாதான் கிடக்கும். லாஜிடெக் ஜி600 மாதிரியான மவுஸில் அமைப்பு மவுஸுக்குள்ளேயே சேமிக்கப்படும். வீட்டில் அமைத்து அலுவலகத்தில் செருகலாம். நாகாவில் இது மாடலுக்கு மாடல் மாறும். ‘ஆன்போர்டு மெமரி’ இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். ப்ளூப்பி டிராக்பாலிலும் பட்டன் அமைப்பு சாதனத்துக்குள்ளேயே இருக்கும், ஆனால் கனடாவிலிருந்து வரவழைக்க வேண்டும்.

அதைவிட முக்கியமாக, கட்டளைகளை ஏன் வலது கையில் ஏற்றுகிறீர்கள்? மவுஸைக் கண்டுபிடித்த எங்கல்பார்ட் 1968-ல் அதை முதன்முதலாக மேடையில் காட்டியபோது அதில் மூன்று பட்டன்தான். அவருடைய இடது கையில் கட்டளைகளுக்கென்று ஐந்து விசைப் பலகை ஒன்று தனியாக இருந்தது. வலது கை இடத்தைக் காட்டும், இடது கை வேலையைச் சொல்லும். ஆட்டோகேடும் அப்படித்தானே? ஸ்பேஸ் பாரே எண்டர். கட்டளைகளின் சுருக்கெழுத்துகள் இருக்கும் பிஜிபி கோப்பைத் திறந்து, மூவ், ஆஃப்செட் போல வலது பக்க எழுத்தில் இருக்கும் கட்டளைகளுக்கு இடது கைக்கு எட்டும் எழுத்தைக் கொடுத்துவிடலாம். வெறும் டெக்ஸ்ட் கோப்பு, எதையும் நிறுவ வேண்டாம். அதன்பிறகு மவுஸில் பன்னிரண்டு பட்டன் எதற்கு?

கட்டளைவரி:
எண்களுக்கு! பிஜிபி கோப்பு 3450-ஐ அடித்துத் தராது. இடது கை மேல் வரிசை எண்களில் ஆறு, ஏழைத் தாண்டினால் திணறும்.

மதுரை_லினக்ஸ்:
அது சரியான வாதம். தனி யூஎஸ்பி நம்பர் பேடை கீபோர்டின் இடது பக்கம் வைத்தால் தீரும். அதன் விலை நாகாவின் பக்கத்தில்கூட வராது.

நீலத்தாள்:
பிஜிபி கோப்பை இன்றே மாற்றிப் பார்த்தேன், வேலை செய்கிறது. ஆட்டோகேடை மூடித் திறக்காமல், கோப்பை மறுபடி படிக்கும் ரீஇனிட் கட்டளையிலேயே எடுத்துக்கொண்டது. நம்பர் பேடும் வாங்கிவிடலாம். எக்ஸ்பர்ட்டில் கம்பி உள்ளதை வாங்கலாமா, இல்லாததையா? எங்கள் அலுவலகத்தில் ப்ளூடூத்தை முடக்கிவைத்திருக்கிறார்கள்.

உருள்பந்து:
கம்பி உள்ளதையே வாங்குங்கள். செருகினால் போதும், பேட்டரிக் கவலை இல்லை. பந்தை எடுத்தால் குழியில் மூன்று சின்னப் புள்ளிகள் தெரியும். பந்து அவற்றின் மேல்தான் உருளும். அங்கே அழுக்கு படிந்தால் கர்சர் தத்தித் தத்திப் போகும். வாரம் ஒருமுறை துடைத்துவிடுங்கள். வலி இரவிலும் தொடர்ந்தால் சாதனத்தை மாற்றுவதோடு நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள்.

கட்டளைவரி:
வாங்குங்கள், தடுக்கவில்லை. ஆனால் சப்மிஷன் நெருங்கும் வாரத்தில் மாற்றாதீர்கள், பழைய மவுஸையும் கழற்றாதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் செருகியிருந்தால் இரண்டுமே வேலை செய்யும். லாஸோ வேண்டிய இடத்தில் கை தானாக மவுஸுக்குத்தான் போகும், பாருங்கள்.