நிலைமின்சாரம் உண்டாவதற்கு உராய்வு உண்மையிலேயே தேவையா?

மின்மினி (கேள்வி):
கண்ணாடித் தண்டைப் பட்டுத்துணியால் தேய்க்கும்போது எலக்ட்ரான்கள் கண்ணாடியிலிருந்து பட்டுக்குச் செல்கின்றன என்று பாடநூல்களில் படித்திருக்கிறேன். தேய்ப்பினால் எழும் வெப்பமே அவற்றைப் பிய்த்தெடுக்கிறது என்று இதுவரை எண்ணியிருந்தேன். ஆனால் ஒட்டுநாடாவைச் சுருளிலிருந்து உரித்தாலே அது கையை நோக்கி வளைந்து வந்து ஒட்டிக்கொள்கிறது. அங்கே எதுவும் தேய்க்கப்படவில்லையே? மேலும், பிளாஸ்டிக் அளவுகோலை எவ்வளவு நேரம் தேய்த்தாலும், ஓரளவுக்கு மேல் அது காகிதத் துணுக்குகளைக் கூடுதலாக ஈர்ப்பதில்லை. இது ஏன்?

கூழாங்கல்:
விடையின் பாதி உங்கள் ஒட்டுநாடாவிலேயே இருக்கிறது. இரு வேறு பொருள்கள் தொட்டுக்கொண்டு பின்னர் பிரிந்தாலே போதும், மின்னூட்டம் இடம்மாறிவிடும். உராய்வின் பங்கு பெரும்பாலும் துணைப்பங்குதான். நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் பரப்பும் நுண்ணளவில் மேடுபள்ளமானது. இரண்டு பரப்புகளை ஒன்றன்மீது ஒன்று வைத்தால் மேடுகளின் உச்சிகள் மட்டுமே உண்மையில் தொட்டுக்கொள்கின்றன. தேய்க்கும்போது புதிய புதிய இடங்கள் ஒன்றையொன்று தொட்டு விலகுவதால், மொத்தத் தொடுபரப்பு பன்மடங்காகிறது.

ஓரளவுக்கு மேல் கூடாததற்குக் காரணம், சுற்றியுள்ள காற்று. இயல்பான அழுத்தத்தில், மீட்டருக்கு ஏறத்தாழ 30 லட்சம் வோல்ட் என்ற புலத்தைத் தாண்டினால் காற்றே கடத்தத் தொடங்கிவிடும். அகன்ற பரப்பில் சதுர மீட்டருக்குச் சில பத்து மைக்ரோகூலூம் மின்னூட்டம் சேர்ந்தாலே இந்த எல்லை வந்துவிடுகிறது. எண்ணிப் பார்த்தால், மேற்பரப்பிலுள்ள பல்லாயிரம் அணுக்களுக்கு ஓர் எலக்ட்ரான் என்ற அளவுதான் அது. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் இந்த எல்லையைக்கூட எட்ட முடியாது. பரப்பின்மீது படியும் மெல்லிய நீர்ப்படலத்தின் வழியே மின்னூட்டம் கசிந்துவிடும்.

தராசுமுள்:
மேலே சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் இடம்மாறுவது எலக்ட்ரான்தான் என்று எல்லாப் பொருள்களுக்கும் பொதுவாகச் சொல்லிவிட வேண்டாம். இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டால், எலக்ட்ரானை வெளியேற்றத் தேவைப்படும் ஆற்றல் எதில் குறைவோ அது எலக்ட்ரானை இழக்கிறது; அங்கே கதை தெளிவு. மின்கடத்தாப் பொருள்களில் எலக்ட்ரான்கள் கட்டுண்டு கிடப்பதால், அயனிகளும், பரப்பிலிருந்து பிய்ந்து மறுபரப்பில் ஒட்டிக்கொள்ளும் நுண்துணுக்குகளும்கூட மின்னூட்டத்தைச் சுமந்து செல்லக்கூடும். எதன் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. தேய்த்த பரப்பு முழுவதும் ஒரே வகை மின்னூட்டம் பரவியிருக்கும் என்ற பழைய எண்ணத்தையும் 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அசைத்துவிட்டது: நேர், எதிர் இரண்டும் நுண்திட்டுகளாகக் கலந்திருக்க, மிஞ்சி நிற்கும் வேறுபாட்டையே நாம் வெளியிலிருந்து அளக்கிறோம்.

எப்பொருள் நேராகும், எப்பொருள் எதிராகும் என்று காட்டும் வரிசையை 1757-இல் யோஹான் வில்கே முதன்முதலாக வெளியிட்டார். அதை ஒரு வழிகாட்டியாக மட்டுமே கொள்ள வேண்டும்; பரப்பின் தூய்மை, ஈரம் முதலியவற்றைப் பொறுத்து இடங்கள் மாறிவிடும். ஒரே பொருளாலான இரண்டு துண்டுகள்கூட ஒன்றையொன்று மின்னேற்றிக்கொள்கின்றன. வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு இதை விளக்கவே முடியாது.

மின்மினி:
இருவருக்கும் நன்றி. இடம்மாறுவது இவ்வளவு சொற்பம் என்றால், கம்பளத்தின்மீது நடந்துவிட்டு உலோகக் கைப்பிடியைத் தொடும்போது பொறி பறக்கும் அளவுக்கு மின்னழுத்தம் எங்கிருந்து வருகிறது?

கூழாங்கல்:
உங்கள் காலின் உழைப்பிலிருந்துதான். காலணியின் அடிப்பாகம் கம்பளத்தைத் தொட்டிருக்கும்போது எதிரெதிர் மின்னூட்டங்கள் மிக நெருங்கியிருப்பதால் மின்னழுத்தம் சிறிதாகவே இருக்கும். காலைத் தூக்கும்போது மின்னூட்டத்தின் அளவு மாறாமல் இடைவெளி மட்டும் கூடுகிறது. ஒன்றையொன்று ஈர்ப்பவற்றைப் பிரிக்க நீங்கள் செய்யும் வேலை மின்னழுத்தமாக உயர்கிறது. மனித உடலின் மின்தேக்குத்திறன் ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் என்பதால், ஒரேயொரு மைக்ரோகூலூம் சேர்ந்தாலே 10,000 வோல்ட் ஆகிவிடும். அதில் அடங்கிய ஆற்றல் 5 மில்லிஜூல் மட்டுமே. விரல் சுரீரென்று வலிக்குமே தவிர உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் பெட்ரோல் ஆவி தகுந்த அளவில் கலந்த காற்று பற்றிக்கொள்ள ஒரு மில்லிஜூலுக்கும் குறைவான பொறியே போதும். எரிபொருள் ஏற்றி இறக்கும் முன் டேங்கர் லாரியைக் கம்பியால் தரையோடு இணைப்பது இதற்காகத்தான்.