வாழையைப் பழுக்கவைக்கும் எத்திலீன் ஸ்ட்ராபெரியை ஏன் மாற்றுவதில்லை?

கேள்வி:
பழுக்கவைக்கும் வாயுவான எத்திலீன் 120 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 120 பங்கு), மூடிய அறை, 24 மணி நேரம். வாழையில் சில சீப்புகள் உள்ளே குழைந்தும் தோல் பச்சையாகவே நிற்கின்றன. பாதி சிவந்த ஸ்ட்ராபெரியில் ஒரு மாற்றமும் இல்லை. எத்திலீன் அளவைக் கூட்ட வேண்டுமா?

பதில் 1:
கூட்டிப் பயனில்லை. வாழைக்கு 100 பிபிஎம்மே தாராளம். முதலில் வெப்பத்தைப் பாருங்கள், அதுவும் அறைக்காற்றின் வெப்பத்தை அல்ல. பழுக்கத் தொடங்கிய காய் வேகமாகச் சுவாசித்துத் தானே சூடேறும். பெட்டிகளை நெருக்கி அடுக்கினால் காற்று 18 டிகிரி காட்டும்போதே சதை 24-ஐத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் மாவுச்சத்து சர்க்கரையாவது நிற்காது, ஆனால் கேவண்டிஷ் வாழை வகைகளில் பச்சையம் சரியாகச் சிதையாது. நீங்கள் சொல்லும் பச்சைத்தோல் பழம் அப்படித்தான் வருகிறது. ஊசி வெப்பமானியை நடுப்பெட்டியில் உள்ள காயின் சதைக்குள் செருகி 16–18 டிகிரியில் வைத்திருங்கள். 13-க்குக் கீழே போனால் குளிர்க்காயம் பட்டு தோல் மங்கிச் சாம்பல் பூக்கும். ஈரப்பதம் 90–95 சதவீதம் இருக்கட்டும்.

அடுத்தது கார்பன் டை ஆக்சைடு. அது 1 சதவீதத்தைத் தாண்டினால் எத்திலீனின் வேலையைத் தடுக்கும். 24 மணி நேரம் முடிந்ததும் கதவைத் திறந்து காற்றை முழுதாக மாற்றுங்கள். அதன்பின் வெளியிலிருந்து எத்திலீன் தேவையில்லை. மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஏசிசி என்ற இடைப்பொருள், ஏசிசியிலிருந்து எத்திலீன் என்று காயே உற்பத்தி செய்துகொள்ளும். கடைசிப் படிக்கு ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும், காற்றை அடைத்து வைக்கக் கூடாது என்பதற்கு அதுவும் காரணம்.

பதில் 2:
ஸ்ட்ராபெரியின் வழியே வேறு. அதில் எத்திலீன் பெருக்கெடுக்கும் கட்டம் கிடையாது. மேலே விதைபோல ஒட்டியிருப்பவைதான் உண்மையான கனிகள். அவை சுரக்கும் ஆக்சின் என்ற தாவர ஹார்மோன்தான் சதை பழுப்பதைத் தடுத்து வைத்திருக்கிறது. செடியில் இருக்கும் பச்சைக் காயின் ஒரு பக்கத்தில் மட்டும் அவற்றைக் கவனமாக நீக்கினால், அந்தப் பக்கம் முந்திச் சிவக்கும். அங்கே செயற்கை ஆக்சின் கலந்த களிம்பைத் தடவினால் சிவப்பு தள்ளிப்போகும். ஆக்சின் இறங்க இறங்க அப்சிசிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறி நிறத்தையும் மென்மையையும் தூண்டுகிறது. பறித்த பிறகு நிறம் சற்றுக் கூடலாம், இனிப்பு கூடாது. செடியிலிருந்து வரும் சர்க்கரை பறித்த நொடியே நின்றுவிடுகிறதே!

ஆரஞ்சு, எலுமிச்சையில் 1–5 பிபிஎம் எத்திலீன் தோலின் பச்சையை மட்டும் நீக்கும். உள்ளே புளிப்பு அப்படியே இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தக்காளி பழுப்பதைத் தள்ளிப்போட, எத்திலீனின் வேலையைத் தடுக்கும் 1-எம்சிபி வாயுவைக் கொடுக்கலாமா?

பதில் 3:
கொடுக்கலாம், நேரம்தான் முக்கியம். காயின் செல்களில் எத்திலீனை உணரும் ஏற்பிகள் வெறுமையாக இருக்கும்போதுதான் ‘பழுக்காதே’ என்ற சமிக்ஞை ஓடுகிறது. எத்திலீன் வந்து அமர்ந்ததும் அது அணைந்து, செல்சுவரைக் கரைக்கும் நொதிகளுக்கும் சிவப்பு நிறமியான லைகோபீனுக்கும் உரிய மரபணுக்கள் விழிக்கின்றன. 1-எம்சிபி அதே இடத்தை இறுகப் பிடித்துக்கொண்டாலும் சமிக்ஞையை அணைப்பதில்லை. புதிய ஏற்பிகள் உருவான பிறகே காய் மீளும். 1 பிபிஎம்முக்கு மேல் போக வேண்டாம். கசிவில்லாத அறையில் 12–24 மணி நேரம் போதும். முதிராத பச்சைக் காய்க்குக் கொடுத்தால் பிறகு திட்டுத்திட்டாகப் பழுக்கும், நன்றாகச் சிவந்ததற்குக் கொடுத்தால் பெரிதாகப் பலன் இருக்காது. அடிப்பக்கம் லேசாக நிறம் மாறத் தொடங்கும்போது கொடுங்கள்.