நிறுவனம் 'நபர்' என்றால், 'பெற்றார்' என்று எழுதுவதா 'பெற்றது' என்று எழுதுவதா?

மனு_டைப்பிஸ்ட்:
ஒரு வக்கீல் ஆபீசில் பிராதுகளைத் தமிழில் தயார் செய்கிறேன். இப்போது கையில் இருப்பது நூல் சப்ளை செய்த பாக்கி வழக்கு. 1ஆம் பிரதிவாதி ஒரு தனியார் லிமிடெட் கம்பெனி. "சரக்கைப் பெற்றுக்கொண்டார்" என்று டைப் செய்தேன். கம்பெனி என்ன வேட்டி கட்டிய ஆளா என்று ஜூனியர் சிரிக்கிறார். சட்டத்தில் கம்பெனியும் நபர்தான் என்கிறார் சீனியர். "பணம் தரவில்லை" என்னும் வரியில் மட்டும் தொல்லையே இல்லை, யாருக்கும் பொருந்திவிடுகிறது. மற்ற வரிகளுக்கு என்ன செய்ய?

கோர்ட்டுக்காரர்:
சீனியர் சொல்வது சரி. ஜெனரல் கிளாசஸ் ஆக்ட், 1897, பிரிவு 3(42)படி கம்பெனியும் நபர்தான். ஆனால் நபரெல்லாம் குடிமகன் ஆகிவிட முடியாது. அரசமைப்பின் 14ஆம் பிரிவு (சமத்துவ உரிமை) 'எந்த நபருக்கும்' என்பதால் கம்பெனி அதைக் கேட்கலாம். 19ஆம் பிரிவு (பேச்சு, தொழில் போன்ற சுதந்திரங்கள்) குடிமக்களுக்கு மட்டும் என்பதால் கேட்க முடியாது. கம்பெனி குடிமகன் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1963இலேயே சொல்லிவிட்டது.

பழைய_தமிழ்வாத்தியார்:
தம்பி, வக்கீல் சொன்னது சட்டத்துக்கு. வினைமுற்று சட்டத்தைக் கேட்காது, எழுவாயைத்தான் கேட்கும். தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் ஒரு நூற்பா உண்டு: குழு, அரசு, மகவு, குழவி என்று ஒரு பட்டியல். பொருளால் உயர்திணை, ஆனாலும் அஃறிணை முடிபு கொள்ளும். "குழந்தை அழுதது", "அரசு அறிவித்தது" என்று இன்றும் அப்படித்தானே எழுதுகிறோம்? உங்கள் கம்பெனியும் ஒரு குழுதான். "பிரதிவாதி" என்று மட்டும் எழுதினால் "பெற்றார்". "பிரதிவாதி நிறுவனம்" என்றால் "பெற்றது". கடைசிச் சொல்தான் தீர்மானிக்கும்.

உயிரியல்_டீச்சர்:
குழந்தை என்றதும் நினைவு வந்தது. சட்டத்தில் 18 வயது நிரம்பாத எல்லாரும் குழந்தை. எங்கள் பிளஸ் டூ பையன்களை "அழுதது" என்று சொல்லிப் பாருங்கள், ஐயா! விலங்கிலும் இதே கூத்துதான். வகுப்பில் மனிதனைப் பாலூட்டி விலங்கு என்று நடத்துகிறேன். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 2ஆம் பிரிவோ, மனிதர் நீங்கலான உயிரினம்தான் விலங்கு என்கிறது. அந்த இடத்தில் சட்டம் உங்கள் இலக்கணத்தோடு கூட்டு, எங்களை விட்டுவிட்டது.

மனு_டைப்பிஸ்ட்:
நன்றி ஐயா. முழுக்க "பிரதிவாதி நிறுவனம்", "பெற்றது" என்று மாற்றிவிட்டேன், சீனியரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்து ஒரு கோயில் நில வழக்கு வந்திருக்கிறது. வாதி, சாமி!

கோர்ட்டுக்காரர்:
சாமியும் சட்டத்தில் நபர்தான். மைனர் மாதிரி பாவிப்பார்கள், அதனால் செயல் அலுவலர் மூலமாக வழக்குப் போடுவார்கள்.

பழைய_தமிழ்வாத்தியார்:
மைனரானாலும் "அழுதது" கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். நன்னூல் தேவரை உயர்திணையில்தான் வைத்திருக்கிறது. தாராளமாக "ஆர்" போடுங்கள்.