மூன்று நாள் நான் துரத்திய அட்டாக்கர்

காக்னிட்டிவ் ரேடியோவில், அதாவது காலியாக இருக்கும் சேனலைத் தானே கண்டுபிடித்துப் பயன்படுத்தும் ரேடியோவில், ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இந்த மாதிரி ஒன்று கட்டாயம் நடந்திருக்கும், வெளியே சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான். என் தலைப்பு பிரைமரி யூசர் எமுலேஷன் என்ற தாக்குதல். உரிமம் உள்ள டிவி சிக்னல் மாதிரியே ஒருவன் அலை அனுப்புவான், மற்ற ரேடியோக்கள் சொந்தக்காரர் வந்துவிட்டார் என்று நம்பிச் சேனலைக் காலி செய்துவிட்டு ஓடும். இரண்டு வருடம் மேட்லேப் சிமுலேஷனிலேயே அவனைப் பிடித்துக்கொண்டிருந்தேன், கிராஃபெல்லாம் வழவழவென்று வந்தது. அப்புறம் கைடு, நிஜ ரேடியோவில் காட்டு என்றார்.

எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) போர்டை மாட்டி, ஜிஎன்யூ ரேடியோ மென்பொருளில், சேனலில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று அளந்து ஆள் இருக்கிறானா சொல்லும் எனர்ஜி டிடெக்டரை ஓட்டினால் முதல் நாளே ஆள் சிக்கிவிட்டான்! காலிச் சேனலின் நட்டநடுவில் ஊசி மாதிரி ஒரு சிக்னல், ராத்திரி பகல் பார்க்காமல் நிற்கிறது. மூன்று நாள் லாக் எடுத்தேன், பேப்பருக்குத் தலைப்பு வரை யோசித்தாயிற்று. நாலாம் நாள் ஏதோ தோன்றி மைய அதிர்வெண்ணை 1 மெகாஹெர்ட்ஸ் தள்ளினேன். அவனும் கூடவே நகர்ந்து மறுபடி நடுவில் வந்து நின்றான். ஆன்டெனாவைக் கழற்றினேன், அப்போதும் நின்றான். என் ரிசீவர் டியூன் செய்வதற்காகத் தனக்குள்ளேயே உண்டாக்கும் அலை (லோக்கல் ஆசிலேட்டர்) கசிந்து போடும் முள் அது.

அதைவிடப் பெரிய தலைவலி த்ரெஷோல்ட், அதாவது எந்த அளவைத் தாண்டினால் சிக்னல் என்று சொல்வது என்ற எல்லை. போர்டு சூடானால் நாய்ஸும் ஏறுகிறது, காலையில் வைத்த அளவு மத்தியானம் செல்லாது. நாய்ஸ் அளவில் 1 டெசிபெல் நிச்சயமில்லை என்றாலே, சிக்னல் நாய்ஸைவிட 3 டெசிபெல் சொச்சம் கீழே போனதும் எனர்ஜி டிடெக்டர் கைவிரித்துவிடும், எவ்வளவு நேரம் கேட்டாலும் பயனில்லை. டாண்ட்ரா, சஹாய் என்ற ஆராய்ச்சியாளர்கள் 2008-லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். நான் அதைப் படித்தது இவ்வளவும் பட்ட பிறகு.

—

(இதற்கு இன்னொருவரின் பதில்) உங்களுடையது பரவாயில்லை சார், நான் நல்லவனையே துரத்திவிட்டேன். கூட்டு சென்சிங், அதாவது பல ரேடியோக்கள் சேர்ந்து சேனல் காலியா என்று முடிவு செய்வது; பத்து நோடு (ரேடியோ). ஒன்பது நோடு சேனல் காலி என்கிறது, ஏழாம் நம்பர் மட்டும் விடாமல் ஆள் இருக்கிறது என்கிறது. பொய் ரிப்போர்ட் அனுப்பும் நோடுக்கு மதிப்பெண் குறைத்து வெளியேற்றுவதுதான் எங்கள் அல்காரிதமே, அது ஏழாம் நம்பரைத் தூக்கியது, எங்களுக்கு ஒரே சந்தோஷம். ரொம்ப நாள் கழித்து அந்த நோடை எடுக்கப் போனபோதுதான் பார்த்தேன், ஜன்னலோரம் இருந்தது அது ஒன்றுதான், மற்ற ஒன்பதும் கான்கிரீட் சுவருக்குப் பின்னால். டிவி கோபுரம் நிஜமாகவே அலை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. தீசிஸில் அந்தப் படத்துக்குக் கீழே 'தாக்குதல் வெற்றிகரமாகக் கண்டறியப்பட்டது' என்று போட்டிருந்தேன். வைவாவுக்கு முந்தின வாரம் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன்.