பழைய மோட்டார்ஹோமில் பாத்ரூமைப் பிரித்துப் போட்டவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டெக்சாஸ், 1993 மாடல் கிளாஸ் சி

முப்பது வயது மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறை, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) வாங்க வருகிறவர்கள் எஞ்சினைப் பார்ப்பார்கள், டயரைத் தட்டிப் பார்ப்பார்கள், ஏணி வைத்துக் கூரையில்கூட ஏறுவார்கள். பாத்ரூமுக்குள் மட்டும் தலையை நீட்டிவிட்டு, "பழசாத்தான் இருக்கு, மாத்திக்கலாம்" என்று வெளியே வந்துவிடுவார்கள். எஞ்சினுக்காவது மெக்கானிக் கிடைப்பார். இதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம். வீட்டு பிளம்பர் வண்டி என்றதும் நழுவிவிடுவார். ஆர்வி, அதாவது இந்த மாதிரி வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறைகளில் பல, பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டியைத் தொடுவதே இல்லை. கடைசியில் நாமே முட்டி போட்டு உட்கார வேண்டியதுதான்.

என் வண்டி கிளாஸ் சி, வேன் முகப்பு வைத்த நடுத்தர அளவு. அதில் டாய்லெட் பக்கத்தில் தரை மெத்தென்று அமுங்கியது. அதைக் காட்டித்தான் விலையைக் குறைத்து வாங்கினேன். வினைலைக் கிழித்தால் கீழே இருந்த ப்ளைவுட், டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி கையோடு பெயர்ந்து வந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்திக் குத்தி, முனை எங்கே இறங்க மறுக்கிறதோ அங்கெல்லாம் பென்சிலில் கோடு போட்டேன். கெட்டுப்போன இடம் டாய்லெட்டைச் சுற்றி வட்டமாக இல்லை. ஷவர் பக்கமிருந்து நீளவாக்கில் வந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் டாய்லெட்டைத்தான் குற்றம் சொன்னார்கள். கழற்றிப் பார்த்தால் அதன் அடியில் இருந்த ரப்பர் சீல் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. தண்ணீர் வந்தது ஷவர் சுவருக்குப் பின்னால், குழாய் திரும்பும் ஒரு எல்போவிலிருந்து. எத்தனை வருடமாகச் சொட்டியதோ!

அந்த எல்போவைத் தொட வழியே கிடையாது என்பதுதான் விஷயம். இந்த வண்டிகளைத் தரையிலிருந்து மேல்நோக்கிக் கட்டுகிறார்கள். தரை போட்டதும் அதன்மேல் ஷவர், டாய்லெட், அலமாரி எல்லாம் வந்துவிடும்; வெளிச்சுவரும் கூரையும் அதற்குப் பிறகுதான். அதனால் உள்ளே முழுதாகப் போன ஷவர் பெட்டி, பாத்ரூம் கதவு வழியாக முழுதாக வெளியே வராது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், ஃபைபர் தூசி இரண்டு நாளைக்குக் கையை அரிக்கும்.

சுவர் திறந்ததும் சாம்பல் நிறக் குழாய் தெரிந்தது. மேலே பிபி2110 என்று அச்சடித்திருந்தது. 1978 முதல் 1995 வரை அமெரிக்காவில் வீடுகளிலும் வண்டிகளிலும் தாராளமாகப் போட்ட பாலிபியூட்டிலீன் என்ற பிளாஸ்டிக் அதுதான். தண்ணீரில் இருக்கும் குளோரின் பட்டுப் பட்டுக் குழாயும் பிளாஸ்டிக் இணைப்பும் உள்ளுக்குள் மொறுமொறுப்பாகிவிடும். வெளியே பார்த்தால் புதுசு போலவே இருக்கும். வீட்டுக்காரர்கள் போட்ட வழக்கில் 1995-இல் 95 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது என்றால் எத்தனை வீடு நனைந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியில் இந்த எழுத்து தெரிந்தால், ஒழுகும் இடத்தில் மட்டும் வெட்டி ஒட்டுப் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். இன்றைக்கு இந்த இணைப்பு என்றால் நாளைக்கு அடுத்தது. வண்டி சிறியது, மொத்தத்தையும் மாற்றினாலும் அரை அங்குல பெக்ஸ் (வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக்) குழாய், நீலத்தில் ஒரு 100 அடி சுருளும் சிவப்பில் ஒன்றும் வாங்கினால் மிச்சம் இருக்கும். செப்பு வளையம் வைத்து இறுக்கும் கருவி ஒன்று வேண்டும். அதை வாங்கத் தயங்காதீர்கள்.

இனி நான் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் ஒன்று. வீட்டில் குழாயைச் சுவருக்குள் புதைத்து மேலே டைல் ஒட்டினால் அழகு. வீடு ஆடாது. வண்டி நெடுஞ்சாலையில் 65 மைல் வேகத்தில் நாள் முழுக்க உதறிக்கொண்டே போகிறது. அதில் இருக்கும் ஒவ்வொரு இணைப்பும் என்றாவது ஒருநாள் தளரும் என்று வைத்துக்கொண்டுதான் கட்ட வேண்டும். ஷவர் வால்வுக்குப் பின்னால் இருந்த துணி அலமாரியின் முதுகுப் பலகையை அறுத்து, நான்கு ஸ்க்ரூவில் நிற்கும் மூடியாக்கினேன். வாஷ்பேசின் கீழே தட்டே வைக்கவில்லை. பம்ப் இருக்கும் பெட்டியின் மேல்பலகை தூக்கினால் வந்துவிடும். எல்லா இணைப்பையும் கை எட்டும் இடத்துக்கு இழுத்து வந்து, சுவருக்குள் போகும் பகுதியில் இணைப்பே இல்லாத ஒரே குழாயாக விட்டேன். பெக்ஸ் வளைந்து கொடுப்பதால் இது முடியும். பெரிய வளைவாக விட்டால் போதும், எல்போவே தேவைப்படாது.

ஷவர் தட்டு வைக்கும்போது அடியில் வெற்றிடம் விடாதீர்கள். பழைய தட்டு விளிம்பில் மட்டும் தாங்கி நின்றது. ஆள் ஏறும்போதெல்லாம் நடுவில் அமுங்கி, வடிகால் ஓட்டையைச் சுற்றி விரிசல் விட்டிருந்தது. புதிய தட்டுக்கு அடியில் கெட்டி ஃபோம் பலகையை அளவாக வெட்டி நிரப்பிவிட்டு, ஏறிக் குதித்துப் பார்த்தேன். சத்தம் வரக் கூடாது. சுவருக்கு டைல் போட மனைவிக்கு ஆசை. எடையையும் அதிர்வையும் சொல்லிச் சமாதானம் பண்ணி ஃபைபர்கிளாஸ் ஷீட் ஒட்டினேன். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள்.

மூடுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி முழுக்கச் சோதனை. டாங்கில் தண்ணீர் நிரப்பி, பம்பைப் போட்டுவிட்டு, எல்லாக் குழாயையும் மூடிவிட்டுப் படுத்தேன். இந்த 12 வோல்ட் பம்புகள் அழுத்தம் குறைந்தால் தானாக ஓடி, ஏறியதும் நின்றுவிடும். யாரும் குழாயைத் திறக்காதபோது பம்ப் கடகடவென்று ஒரு நொடி ஓடினால் எங்கேயோ சொட்டுகிறது என்று அர்த்தம். டிஷ்யூ பேப்பரை ஒவ்வொரு இணைப்பிலும் ஒற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். வண்டியை நிறுத்தித் தங்கும் முகாமில் வெளிக்குழாயை மாட்டும்போது அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு கட்டாயம். சில இடங்களில் அழுத்தம் 80 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு) மேலேயே வரும். 45, 50-க்கு மேல் வண்டிக்குள் விட வேண்டாம்.

கலிஃபோர்னியா, 1998 மாடல் கிளாஸ் ஏ (பஸ் மாதிரி பெரிய வண்டி)

அண்ணா, அந்த அலமாரி மூடி யோசனை அருமை. யாரும் கேட்கக் கூச்சப்படுகிற விஷயத்தை நான் சொல்லிவிடுகிறேன். மோட்டார்ஹோம் வாங்கியதும் நம் ஆட்களுக்கு வரும் முதல் கவலை, பேப்பரை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது என்பது. மாமனார் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். "ஹெல்த் ஃபாசெட் இல்லாத வண்டியில நான் ஏற மாட்டேன்" என்று மாமி தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

போடலாம், சிரமமே இல்லை. டாய்லெட்டுக்கு வரும் தண்ணீர்க் குழாயில் ஒரு டீ ஃபிட்டிங் (குழாயிலிருந்து கிளை பிரிக்கும் இணைப்பு), அங்கிருந்து ஸ்ப்ரே. ஆனால் டீக்கும் ஸ்ப்ரேக்கும் நடுவில் ஒரு சின்ன மூடும் வால்வு வையுங்கள், உபயோகித்ததும் அதை மூடுங்கள். எப்போதும் அழுத்தத்திலேயே நின்றால் அந்த வளையும் ஹோஸ் ஒருநாள் வெடிக்கும். வண்டிக்குள் அது நடந்தால் பம்ப் நிறுத்தாமல் டாங்க் முழுவதையும் தரையில் கொட்டிவிடும். நாங்கள் வெளியே கிளம்பும்போது பம்ப் ஸ்விட்சையும் அணைத்துவிடுவோம். கதவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஸ்விட்ச் போட்டு வைத்திருக்கிறோம்.

தண்ணீர் அதிகம் செலவானால் பிளாக் டாங்க், அதாவது டாய்லெட் கழிவு சேரும் தொட்டி, சீக்கிரம் நிரம்புமே என்று கணவருக்குக் கவலை. நிரம்பும்தான். ஆனால் அந்த டாங்குக்குத் தண்ணீர்தான் நல்லது. முகாமில் சாக்கடை இணைப்பு இருக்கிறதே என்று பிளாக் வால்வைத் திறந்தே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. தண்ணீர் மட்டும் ஓடிப்போய், மற்றது டாய்லெட்டுக்கு நேர் கீழே குவிந்து இறுகிவிடும். அதை எடுக்கும் வேலையை எதிரிக்கும் கொடுக்காதீர்கள். மூடியே வைத்திருந்து, முக்கால்வாசி நிரம்பியதும் ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். அதற்குப் பிறகு சிங்க், ஷவர் தண்ணீர் சேரும் கிரே டாங்கைத் திறந்தால், சோப்புத் தண்ணீர் போய் ஹோஸைக் கழுவிவிடும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அப்புறம் சமையல். பெரிய வாசனைப் பிரச்சினை எங்களுக்கு டாய்லெட்டிலிருந்து வரவே இல்லை, சிங்க்கிலிருந்துதான் வந்தது. சாதம் வடித்த கஞ்சி, தாளித்த எண்ணெய், சாம்பார்ப் பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் கிரே டாங்கில் போய்ப் புளித்து நிற்கும். கோடைக் காலத்தில் கேட்கவே வேண்டாம். பாத்திரத்தை முதலில் பேப்பரால் துடைத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும். சிங்க்கில் பொடி ஓட்டை வடிகட்டி வேண்டும். கறிவேப்பிலை ஒன்று குழாய் வளைவில் மாட்டினால் அடுத்தடுத்து எல்லாம் வந்து சேர்ந்துகொள்ளும்.

ரொறன்ரோ, 1991 மாடல்

டெக்சாஸ் அண்ணை எழுதினதெல்லாம் சரி. ஆனால் எங்கட பக்கத்தில் குழாயைக் கெடுக்கிறது ஓட்டமில்லை, குளிர். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும். நாங்கள் வண்டியைப் பின்வளவில் நிறுத்திப் பனிக்காலம் முழுக்கத் தொடமாட்டோம். அதால் குழாய் மாற்றுகிற நேரத்திலேயே தண்ணீரை வடிக்கிறதற்கும் யோசிக்க வேணும். குழாய்கள் எல்லாம் ஒரு பக்கம் சரிவாக ஓடி, ஆகப் பதிவான இடத்தில் சூடானதற்கு ஒன்று, குளிரானதற்கு ஒன்று எண்டு வடிகால் வால்வு வைத்தேன். முந்தி இருந்த ஆள் வைத்த வால்வு கட்டிலுக்குக் கீழே, பலகைக்குள்ளே இருந்தது.

வடித்தாலும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். பிங்க் நிற ஆன்டிஃபிரீஸ், அதாவது புரொபிலீன் கிளைக்கோல், அதைப் பம்பால் இழுத்துக் குழாய் முழுக்க ஓட விட வேணும். கார் ரேடியேற்றருக்கு ஊற்றுகிறது வேறை, அது நஞ்சு, கிட்டவும் கொண்டுவராதீர்கள். சுடுதண்ணீர்த் தாங்கிக்குப் பைபாஸ் வால்வு இல்லாவிட்டால் இப்போதே போடுங்கள். இல்லையென்றால் அந்த ஆறு கலனும் பிங்க் தண்ணீரால் நிரம்பின பிறகுதான் மற்றக் குழாய்க்குப் போகும், காசு வீண்.

எல்லாரும் மறக்கிற இடம் இரண்டு. ரொயிலற் மிதியை மிதித்து, பிங்க் நிறம் வருகிற வரைக்கும் விட வேணும். இல்லாவிட்டால் அதின்ர பிளாஸ்டிக் வால்வு உறைந்து வெடிக்கும், வசந்தத்தில் முதல் தண்ணீர் விட்டவுடன் நிலமெல்லாம் ஈரம். மற்றது, வண்டிக்கு வெளியே இருக்கிற ஷவர். அது ஒரு சின்னக் கதவுக்குப் பின்னாலே இருக்கிறபடியால் ஒருத்தருக்கும் நினைவு வராது.

ஜார்ஜியா, 2001 மாடல் கிளாஸ் சி

பாத்ரூம் வேலை இன்னும் தொடங்கவில்லை, படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வாசனை பற்றி மட்டும் ஒன்று. கூரை ஃபேன் ஓடும்போது டாய்லெட்டை ஃப்ளஷ் செய்தால், உள்ளே இருக்கும் காற்றை ஃபேன் வெளியே இழுக்கிறது. அந்த இடத்தை நிரப்ப டாங்கிலிருந்து காற்று மேலே வருகிறது. டாங்க்கில் ஊற்றும் மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்துவிட்டோம். ஃபேனை அணைத்துவிட்டு ஃப்ளஷ் செய்து, டாய்லெட் மூடியை மூடிய பிறகு ஃபேனைப் போட்டால் சரியாகிவிட்டது. ஒரு சந்தேகம்: டாய்லெட்டுக்கு அடியில் வீட்டில் போடுகிற மெழுகு வளையம் போடலாமா? கடைக்காரர் அதைத்தான் எடுத்துக் கொடுத்தார்.

டெக்சாஸ், 1993 மாடல் கிளாஸ் சி

தம்பி, மெழுகு வேண்டாம். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் உருகும், ஓட்டத்தில் நசுங்கும். ஆர்வி டாய்லெட்டுக்கென்று ரப்பர் சீல் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கம் முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் பிளாஸ்டிக் அடிப்பாகம் விரிசல் விடும்.

கலிஃபோர்னியா அக்கா சொன்ன ஸ்ப்ரே வால்வை நானும் போடப் போகிறேன். மாமியின் நிபந்தனை எங்கள் வீட்டிலும் உண்டு. ரொறன்ரோ நண்பருக்கு ஒன்று கேட்க வேண்டும்: வசந்தத்தில் அந்தப் பிங்க் தண்ணீரைக் கழுவி எடுத்த பிறகு டாங்கை பிளீச் போட்டு அலசுகிறீர்களா? நான் 15 கேலன் தண்ணீருக்குக் கால் கப் வாசனை இல்லாத பிளீச் கலந்து, எல்லாக் குழாயிலும் வாடை வரும் வரை ஓடவிட்டு, சில மணி நேரம் நிற்க வைத்து, பிறகு நல்ல தண்ணீரால் அலசுவேன். புது பெக்ஸ் போட்ட பிறகும் முதல் தடவை இதைச் செய்துவிட்டுத்தான் காபி போட்டோம்.

ரொறன்ரோ, 1991 மாடல்

ஓம், அதே அளவுதான். இரவு முழுக்க விட்டுவிட்டு விடிய அலசுவேன். சுடுதண்ணீர்த் தாங்கியின் பைபாஸை அதற்கு முன்னாலே பழையபடி திருப்பிவிட மறக்காதீர்கள், இல்லையெண்டால் வெறுந்தாங்கிக்குக் கீழே காஸ் எரியும்.